எட்டுப் பாதங்கள் மீது ஒரு கண்

பிக்கிள்பால் களங்கள் பெருகிவிட்டன. மட்டை பிடிக்க ஆள் இருக்கிறது. அட்டையும் பேனாவுமாக வலையோரம் நிற்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பந்து வலைக்கு மேலாக இங்குமங்கும் பறக்கிறது. அதோடு சேர்ந்து பார்வையாளர்களின் தலைகளும் இடமும் வலமுமாகத் திரும்புகின்றன. ஒருவர் தலை மட்டும் அசைவதில்லை. வலைக் கம்பத்தை ஒட்டி நிற்கும் அவர் குனிந்த பார்வையாகத் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டம் பிடிக்காமல் நிற்கிறாரோ என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கக்கூடும். அவர்தான் நடுவர். வலைக்கு இந்தப் பக்கம் 7 அடி, அந்தப் பக்கம் 7 அடி, அதன் எல்லைக்கோடுகளில் நிற்கும் நாலு பேருடைய எட்டுப் பாதங்கள். அவருடைய உலகம் அவ்வளவுதான்.

பந்தைப் பார்க்காமல் இருப்பது சாதாரண விஷயமல்ல. மனிதக் கண் அசைவைத் துரத்தும் கண். அதை அடக்கி, அசையாத ஒரு வெள்ளைக் கோட்டில் நிறுத்துவதுதான் பிக்கிள்பால் நடுவருக்கான முதல் பாடம். பலருக்குக் கடைசிப் பாடமும் அதுவே.

ஹைதராபாத்தில் கடந்த சில ஆண்டுகளாகக் காலி மனைகளிலும் கட்டட மாடிகளிலும் இந்த ஆட்டத்துக்கான களங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. 2025 ஜனவரியில் மும்பையில் தொடங்கிய உலக பிக்கிள்பால் லீக்கின் ஆறு அணிகளில் ஹைதராபாத் சூப்பர்ஸ்டார்ஸும் ஒன்று. சென்னை அணிக்கு நடிகை சமந்தா உரிமையாளர் என்றதும் கோலிவுட், டோலிவுட் இரண்டின் ரசிகர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விளம்பரம், வெளிச்சம், பரிசுப் பணம் எல்லாம் வந்துவிட்டன. பணம் வந்த இடத்துக்குத் தகராறும் வரும். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும்.

செகந்தராபாத் பக்கத்தில் உள்ள மாரெட்பள்ளி இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கப் பொருத்தமான இடம். ஆங்கிலேயர் படை முகாமிட்டு, 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற ஊர் செகந்தராபாத். சென்னை மாகாணப் படையோடும் பிறகு ரயிலோடும் அரசு அலுவலகங்களோடும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடக்கும் மாரெட்பள்ளியில் தெலுங்கு, தக்காணி உருது, தமிழ் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். ஓய்வு பெற்றவர்கள் நிறைய. காலையில் நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு காலத்தில் அலுவலக அணிக்காகப் பாட்மின்டனோ டேபிள் டென்னிஸோ ஆடியவர்களாக இருப்பார்கள் என்று நம்பலாம். அவர்களில் ஒருவர், முட்டி வலி காரணமாக ஆட்டத்தை விட்டு, ஆனால் களத்தை விட மனமில்லாமல், நடுவராக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கற்க வேண்டியது என்ன? கற்றபின் அவருக்குச் சான்றிதழ் தருவது யார்?

முதலில் ஆட்டம். 1965இல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் அலுத்துப்போன குழந்தைகளுக்காக ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதியும் பில் பெல் என்ற நண்பரும் கிடைத்த சாமான்களை வைத்து உருவாக்கியது இது. இருந்தது ஒரு பழைய பாட்மின்டன் களம், டேபிள் டென்னிஸ் மட்டைகள், துளைகள் போட்ட பிளாஸ்டிக் பந்து. பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பரும் சேர்ந்து விதிகளை ஒழுங்குபடுத்தினார். களம் இன்றும் அதே 44 அடி நீளம், 20 அடி அகலம். பாட்மின்டன் இரட்டையர் களத்தின் அதே அளவு. வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வீட்டு நாயின் பெயர்தான் ஆட்டத்துக்கு வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஆட்டம்தான் முதலில் வந்தது, நாய் பிறகுதான் வந்தது என்று பிரிட்சர்ட் குடும்பத்தினர் சொல்லி அலுத்துவிட்டார்கள். நல்ல கதையை உண்மை கொல்ல முடிவதில்லை.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வளவல்கர். 1999இல் கனடா சென்றபோது பார்த்த ஆட்டத்தை, 2006 வாக்கில் மட்டைகளோடும் பந்துகளோடும் இங்கே இறக்கினார். 2008இல் அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் உருவானது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக இது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஆட்டமாகவே இருந்தது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகுதான் பெருநகரங்களில் பற்றிக்கொண்டது.

குடும்ப விளையாட்டாகப் பிறந்ததால் இதன் விதிகளில் ஒரு விசித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்வது நடுவரின் வேலை அல்ல. பந்து எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்க ஆட்டக்காரர்களே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் எதிராளிக்கு. அதாவது, சரியாகப் பார்க்கவில்லை என்றால் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். முக்கியமான ஆட்டங்களுக்குக் கோட்டு நடுவர்களை நிறுத்துவதுண்டு. ஆனால் பெரும்பாலான போட்டிகளில் ஆட்டக்காரரின் நாணயம்தான் கோட்டு நடுவர்.

டென்னிஸிலும் பாட்மின்டனிலும் ஊறியவர்களுக்கு இது ஜீரணமாவதில்லை. சர்வதேச பாட்மின்டனில் அம்பயர், சர்வீஸ் ஜட்ஜ், கோடுகளைச் சுற்றி உட்காரும் லைன் ஜட்ஜுகள் என்று ஒரு படையே இருக்கும். அதே அளவுக் களத்தில் பிக்கிள்பாலுக்குப் பெரும்பாலும் ஒரே நடுவர். நம் மாரெட்பள்ளிக்காரர் பாட்மின்டன் அம்பயராக இருந்தவர் என்றால் அவருக்கு அதனால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. களத்தில் நிற்கும் தைரியம், குரல், ஆட்டக்காரர் முறைத்தால் அசராத முகம் எல்லாம் கூடவே வந்துவிடும். ஆனால் பந்து வெளியே விழுந்ததும் வாய் தானாக ‘அவுட்’ என்று சொல்லிவிடும். அந்த வாயைக் கட்ட மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆட்டக்காரர் முறையிட்டால்தான், அதுவும் தெளிவாகப் பார்த்திருந்தால்தான், நடுவர் கோட்டைப் பற்றிப் பேசலாம். பார்க்கவில்லை என்றால் ஆட்டக்காரர் சொன்னதே நிற்கும். ‘நான் பார்க்கவில்லை’ என்று கூட்டத்தின் நடுவே சொல்லக் கூச்சப்படுபவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

கோடு அவருடையது இல்லை என்றால் நடுவருக்கு என்னதான் வேலை?

கிச்சன்தான் பிரதான வேலை. வலையின் இருபுறமும் 7 அடி ஆழத்துக்கு உள்ள பகுதிக்கு இந்தச் செல்லப் பெயர். பந்து தரையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்போது அடிப்பதை இந்தப் பகுதிக்குள் நின்று செய்யக் கூடாது. கோட்டில் கட்டைவிரல் பட்டாலும் தவறுதான். இந்தத் தடை இல்லாவிட்டால் உயரமானவர்கள் வலையை ஒட்டி நின்று எல்லாப் பந்தையும் அறைந்து ஆட்டத்தை நாலு அடியில் முடித்துவிடுவார்கள். ஆறு வயதுப் பேத்தியும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே களத்தில் ஆட முடிகிறது என்றால் அதற்கு இந்த 7 அடிதான் காரணம்.

விதி இதோடு நின்றிருந்தால் சுலபம். வெளியே நின்று பந்தை அறைந்தவர், அறைந்த வேகத்தில் தடுமாறி கிச்சனுக்குள் கால் வைத்தாலும் தவறு. அவர் அடித்த பந்து எதிராளியைத் தாண்டிப் போய், புள்ளி முடிந்தே போயிருந்தாலும் தவறு தவறுதான். அந்த வேகத்தில் அவருடைய தொப்பியோ கண்ணாடியோ கழன்று உள்ளே விழுந்தாலும் தவறு. கூட்டம் கைதட்டுகிறது, அடித்தவர் கையை உயர்த்துகிறார், அப்போது வலையோரத்திலிருந்து ஒரு குரல் ‘ஃபால்ட்’ என்கிறது. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்னதை ஆமோதிக்க ஒரு சாட்சிகூட இருக்காது. நடுவரின் தனிமை இது.

அடுத்தது சர்வீஸ். கை மேல்நோக்கிய வளைவில் வர வேண்டும். மட்டை பந்தில் படும் இடம் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. மட்டையின் தலை மணிக்கட்டைவிட உயரக் கூடாது. மூன்றையும் ஒரு கண்சிமிட்டலுக்குள் பார்க்க வேண்டும். கூடவே கால் பின்கோட்டை மிதித்ததா என்றும் பார்க்க வேண்டும். பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, தரையில் பட்டு எழும்பியபின் அடித்தால் இந்த மூன்று கட்டுப்பாடுகளும் கிடையாது. 2021இல் வந்த இந்தச் சலுகை, வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் மட்டுமல்ல, நடுவர்களுக்கும் நிம்மதி. அதே ஆண்டில் இன்னொன்றும் மாறியது. சர்வீஸ் பந்து வலையின் உச்சியைத் தொட்டுவிட்டு சரியான கட்டத்தில் விழுந்தால் முன்பெல்லாம் மறுபடி போட வேண்டும். இப்போது ஆட்டம் தொடரும். டென்னிஸ் பழக்கத்தில் ‘லெட்’ என்று கத்திவிட்டு நிற்கும் ஆட்டக்காரர்களை இன்றும் பார்க்கலாம். நடுவர் கத்தாமல் இருந்தால் போதும்.

உண்மையில் பலரையும் தேர்வில் கவிழ்ப்பது கிச்சனும் அல்ல, சர்வீஸும் அல்ல, எண்ணிக்கை. இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: சர்வீஸ் போடும் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, சர்வீஸ் போடுபவர் அந்த அணியின் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ஆட்டம் தொடங்குவதே ‘ஜீரோ ஜீரோ டூ’ என்றுதான். முதலில் சர்வீஸ் போடும் அணிக்கு அனுகூலம் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக அதற்கு முதல் முறை மட்டும் ஒருவருக்கே வாய்ப்பு. ஆகவே அவர் ‘இரண்டாமவர்’ ஆகிவிடுகிறார். பழைய முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. 11 புள்ளி, குறைந்தது 2 வித்தியாசம். இதனிடையே புள்ளி எடுக்கும்போதெல்லாம் அந்த இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள், எதிரணி மாறாது. நாலு பேரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நடுவர் கையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் முதல் சர்வீஸுக்கு உரியவர் யார் என்று ஆட்டத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்கிறார். போட்டிகளில் அவர் அடையாளத்துக்கு ஒரு பட்டையும் அணிவதுண்டு. அணியின் புள்ளி இரட்டைப்படை என்றால் அவர் வலப்புறம் நிற்க வேண்டும்; ஒற்றைப்படை என்றால் இடப்புறம். இதை வைத்து எந்த நொடியிலும் களத்தைச் சரிபார்க்கலாம். புள்ளிப் பட்டியல் அட்டையில் துணி காயப்போடும் கிளிப் போன்ற ஒன்றைச் செருகி, சர்வீஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். கம்ப்யூட்டர் யுகத்தில் இதென்ன என்று சிரிக்க வேண்டாம். கிளிப்புக்கு பேட்டரி தீராது.

சர்வீஸுக்கு முன்பு ஆட்டக்காரர் நடுவரிடம், ‘நான் சரியான இடத்தில் நிற்கிறேனா, என் முறைதானா’ என்று கேட்கலாம். நடுவர் பதில் சொல்லியாக வேண்டும். கேட்காமல் தவறான இடத்தில் நின்று ஆடிவிட்டால், நடுவர் முன்கூட்டி எச்சரிக்க மாட்டார். ஆடியபின் தவறு என்று அறிவிப்பார். உதவி செய்வதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் இடையே உள்ள இந்த மெல்லிய கோடு, வெள்ளைக் கோடுகளைவிடச் சிரமமானது.

இதைக் குடியிருப்புப் போட்டியில் வைத்துப் பாருங்கள். நடுவராக நிற்பவர் மாரெட்பள்ளியின் ‘அங்கிள்’. ஆடும் நாலு பேரில் ஒருவன் பக்கத்து வீட்டுப் பையன். இன்னொருவர் தினமும் கூட நடக்கிற நண்பர். நண்பர் தவறான பக்கம் நிற்கிறார். அங்கிளுக்குத் தெரிகிறது. நண்பர் கேட்கவில்லை. கண் ஜாடை காட்டினால் நட்பு பிழைக்கும், நடுவர் செத்தார். வசவு பேசினால் எச்சரிக்கை. எச்சரிக்கை இரண்டானால் ‘டெக்னிகல் ஃபவுல்’, அணியின் கணக்கிலிருந்து ஒரு புள்ளி போகும். கணக்கில் ஒன்றுமே இல்லை என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி ஏறும். கடுமையான நடத்தைக்கு முதல் எச்சரிக்கையே இல்லாமலும் இது வரலாம். தக்காணியில் செல்லமாகத் திட்டிக்கொள்வது இந்த ஊரின் பேச்சு வழக்கு. எது செல்லம், எது வசவு என்று தீர்மானிக்க எந்த விதிப் புத்தகமும் உதவாது.

நடுவர் வெளியாள் என்றால் தீர்ப்பில் நம்பிக்கை வரும் என்பதை உலக கிரிக்கெட் கற்றுக்கொண்டதில் ஹைதராபாத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. டெஸ்ட் போட்டிகளில் சொந்த நாட்டு அம்பயர்களே நிற்பது வழக்கமாக இருந்த காலம். எந்த நாட்டுக்குப் போனாலும் வந்த அணி அம்பயரைத் திட்டிக்கொண்டே திரும்பும். பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் இதற்கு முடிவு கட்ட விரும்பினார். 1986 நவம்பரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் மோதிய டெஸ்டில் இரண்டு இந்தியர்கள் வெள்ளைக் கோட்டோடு களமிறங்கினார்கள். ஒருவர் மும்பையின் பீலூ ரிப்போர்ட்டர். மற்றவர் ஹைதராபாத்தின் வி.கே. ராமசாமி. தமிழ் சினிமா ரசிகர்களுக்கு அந்தப் பெயர் வேறு முகத்தை நினைவூட்டும். இவர் சிரிக்காத ராமசாமி.

இந்தியாவும் பாகிஸ்தானும் எப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டுக்குப் போய், அவர்களுடைய ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். போட்டியில் பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. ஆனாலும் பரிசோதனை கைவிடப்படவில்லை. 1994இலிருந்து ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவர் பொது நாட்டு அம்பயர், 2002இலிருந்து இருவருமே என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதி செய்தது. ராமசாமி 1999 வரை 26 டெஸ்ட்களில் நின்றார்.

அம்பயராவதற்கு ஆட்டத்தில் பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டுமா? சென்னையின் எஸ். வெங்கட்ராகவன் இந்தியாவின் கேப்டனாக இருந்தவர், பிறகு 73 டெஸ்ட்களில் அம்பயர். ராமசாமிக்கு அப்படிப்பட்ட பின்னணி கிடையாது. இரண்டு பேரும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்கள். இன்னும் அருகே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் செகந்தராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட தென்மத்திய ரயில்வே இருக்கிறது. அங்கே பணியாற்றியபடி கிரிக்கெட் ஆடிய ஜி.எஸ். லட்சுமி, 2019 மே மாதம் சர்வதேச மேட்ச் ரெஃபரி குழுவில் இடம்பெற்ற முதல் பெண்மணி ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் ஷார்ஜாவில் ஆண்கள் ஒருநாள் போட்டிக்கு ரெஃபரியாக இருந்த முதல் பெண்ணும் அவரே. நாட்டுக்காக ஒரு சர்வதேசப் போட்டியில்கூட ஆடாதவர் அவர்.

கிரிக்கெட்டில் ஏணி தெளிவாக இருக்கிறது. மாநிலச் சங்கம், பிறகு வாரியத் தேர்வு, பிறகு சர்வதேசக் குழு. பிக்கிள்பாலில் ஏணியைத் தேட வேண்டியிருக்கிறது.

நடுவர் பயிற்சியை முதலில் ஒழுங்குபடுத்தியது அமெரிக்காதான். முதல் விதிப் புத்தகம் அங்கே 1984இல் வந்தது. இப்போது யுஎஸ்ஏ பிக்கிள்பால் என்று அழைக்கப்படும் அமைப்பு ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதிய பதிப்பை நடைமுறைப்படுத்துகிறது. அங்கே நடுவராக விரும்புபவர் படிப்படியாக ஏற வேண்டும். விதிகளில் தேர்வு, பிறகு பயிற்றுநர் அருகில் நின்று களப் பயிற்சி, சிறு போட்டிகளில் அனுபவம், கடைசியில் மதிப்பீட்டாளர் கண்ணெதிரே நிஜப் போட்டியில் சோதனை. அதில் தேறியவர்தான் சான்று பெற்ற நடுவர். தேர்வுத் தாளில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் களத்தில் நிற்கத் தெரியாமல் தோற்பதும் உண்டு. புத்தகம் ஆண்டுதோறும் மாறுவதால், வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு உட்கார முடியாது.

இந்தியாவிலும் சங்கங்கள் போட்டிகளையொட்டி நடுவர்களைப் பயிற்றுவித்து வருகின்றன. சிக்கல், எந்தச் சங்கம் என்பதில். 2008 முதல் இருந்துவந்தது அகில இந்திய பிக்கிள்பால் சங்கம். 2024இல் இந்திய பிக்கிள்பால் சங்கம் என்ற பெயரில் இன்னொன்று பிறந்தது. 2025 ஏப்ரலில் மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பு என்ற அங்கீகாரத்தைப் புதியதற்குக் கொடுத்தது. குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்திக்கொடுத்தது. பழைய சங்கம் அதிர்ச்சியோடு எதிர்த்தது. பதினேழு ஆண்டுகளாகப் போட்டிகளை நடத்தி ஆட்களைத் தயாரித்தவர்களின் கோபத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு நாட்டுக்கு ஒரு விளையாட்டில் ஓர் அமைப்புதான் இருக்க வேண்டும் என்று அரசு நினைப்பதிலும் நியாயம் உண்டு. குத்துச்சண்டையிலும் கராத்தேயிலும் நாடு இந்த மாதிரி சண்டைகளைப் பார்த்திருக்கிறது. கராத்தேயில் ஊருக்கு நாலு சங்கம், தெருவுக்கு ஒரு கறுப்பு பெல்ட்.

மேலிடத்தில் யாரிடம் முத்திரை இருக்கிறது என்பது மாரெட்பள்ளியில் நிற்பவருக்கு ஏன் முக்கியம்? இந்தியாவில் விளையாட்டுச் சான்றிதழ் வெறும் காகிதமல்ல. கல்லூரி இடம், ரயில்வே வேலை, மாநில அரசின் பரிசுத் தொகை எல்லாம் அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்தும் போட்டிகளைப் பார்த்தே பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. பிக்கிள்பாலிலும் அந்தக் கதவுகள் திறக்கத் தொடங்கினால், ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் எதிர்காலம் கிச்சன் கோட்டில் பட்ட ஒரு கட்டைவிரலில் தொங்கக்கூடும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தவர் யார், அவருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்வி அப்போது வரும். களம் போட ஒரு மாதம் போதும். நல்ல நடுவரைத் தயாரிக்க ஓரிரு ஆண்டுகளாவது ஆகும். மட்டை விற்பவர்கள் எண்ணிக்கையும் நடுவர்கள் எண்ணிக்கையும் ஒரே வேகத்தில் வளரவில்லை என்றால் சங்கடம் ஆட்டக்காரருக்குத்தான்.

எந்தச் சங்கத்தின் கீழ் போட்டி நடக்கிறது, அதற்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நடுவராக விரும்புபவருக்கு நல்லது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கற்க வேண்டிய விதிகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வயது தடையில்லை; தொடர்ந்து சில மணி நேரம் வெயிலில் நிற்க முடிய வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், நாலு களங்கள் ஒட்டி ஒட்டி இருக்கும் மாடியில் பந்துச் சத்தத்தை மீறிக் குரல் கேட்க வேண்டும். பக்கத்துக் களத்துப் பந்து உருண்டு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொல்ல வேண்டும்; நெருக்கமான மாடிக் களங்களில் இது அடிக்கடி நடக்கும்.

வழி என்னவென்றால், அக்கம்பக்கத்துக் களத்தில் பரிசு ஏதுமில்லாத வார இறுதி ஆட்டங்களுக்குப் போய் நிற்பதுதான். முதல் சில வாரங்கள் எதையும் அறிவிக்க வேண்டாம். அட்டையில் எண்ணிக்கையை மட்டும் எழுதி, கிளிப்பை நகர்த்தி, ஆட்டக்காரர்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பிறகு கண்ணைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் பிறகுதான் குரல்.

முறையான போட்டியில் முதல் முறை நிற்கும் நாளில் வேலை ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும். மட்டைகளை வாங்கிப் பார்க்க வேண்டும். முதல் சர்வீஸ்காரர்களைக் கேட்டுக் குறிக்க வேண்டும். காசு சுண்ட வேண்டும் என்றுகூட இல்லை. அட்டையின் பின்னால் ஒன்றோ இரண்டோ எழுதி வைத்து, எந்த எண் என்று ஓர் அணியைக் கேட்பது நடுவர்களிடையே வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அணிக்கு ஒரு நிமிட இடைவேளை இரண்டு உண்டு, அதையும் எழுத வேண்டும். பின்பு வலையோரம் போய் நின்று, நாலு பேரும் தயாரா என்று பார்த்து, அவசரப்படாமல் மூன்று எண்களையும் முழுதாகச் சொல்ல வேண்டும். சர்வீஸ் போடுபவருக்கு உரிய 10 விநாடி அந்தக் கடைசி எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.